தராசு சொல்லாத கணக்கு

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பால் வெட்டும் நம் திறமையை நிர்வாகம் எங்கே அளக்கிறது? பால் நிறுக்கும் கொட்டகையில்! எடையும், பாலில் உள்ள ரப்பர் சதவிகிதமுமே நம் பேருக்கு நேரே ஏறுகின்றன. அந்தச் சதவிகிதம் ஏறக்குறைய 30 முதல் 40 வரை இருக்கும்; மரத்தின் வயதும் இலையுதிர் காலமும் மழையும் அதை மாற்றிவிடும். மேட்டு நிரையில் கிழ மரம் வாய்த்தவரையும், சமதரையில் நல்ல மரம் வாய்த்தவரையும் ஒரே தராசில் நிறுத்துவது என்ன நியாயம்?

கைத்திறன் பட்டையில் இருக்கிறது, தோழர்களே. ஆழ வெட்டினால் இன்று பால் கூடும். ஆனால் மரம் காயப்பட்டால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும்; பிறகு அங்கே கத்தி ஓடாது. மெல்லிசாகச் சீவி, காயமில்லாமல் வெட்டுகிறவர் தோட்டத்தின் பல வருட வருமானத்தைக் காப்பாற்றுகிறார். மண்டோர் வேலை காலியாகும்போது அவர் பெயர் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. சலாம் போடுகிறவர் பெயர் மட்டும் எப்படியோ வந்துவிடுகிறது!

1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, பதவி உயர்வைக் கூட்டு ஒப்பந்தக் கோரிக்கையில் சேர்க்கச் சங்கத்துக்கு இடம் கொடுக்கவில்லை. ஆனாலும் மதிப்பீடு எப்படி நடக்கிறது என்று கேட்க நமக்கு வாய் இருக்கிறது. பட்டைச் சோதனை நம் கண்முன் நடக்கட்டும். காயக் கணக்கை எழுதி நமக்குக் காட்டட்டும். காலியிடத்தைப் பெரட்டிலே அறிவிக்கட்டும்.

கிராணி நண்பர்களே! எடைக்குப் பக்கத்தில் மரத்தின் வயதையும் எழுதி வையுங்கள். யாராவது கேட்டால், சங்கம் கேட்டது என்று சொல்லுங்கள்.