சம்பளமா? வேலையா?

நடுவர் அவர்களே! எதிரணித் தம்பி சொன்னார், 'சாஃப்ட்வேர்காரனுக்குச் சம்பளத் தேதியில மட்டும்தான் சிரிப்பு வரும்'னு. (சிரிப்பு) ஐயா, 1991-இல் பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கியில 21 வயசு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காத்தான் லினக்ஸை எழுத ஆரம்பிச்சார். யார் சம்பளம் கொடுத்தா? இன்னைக்கு உங்க சட்டைப்பையில இருக்கிற ஆண்ட்ராய்டு போனுக்கு அதுதானய்யா அஸ்திவாரம்! (கைதட்டல்)

நானும் 15 வருஷமா புரோகிராம் எழுதுறவன். ஒருநாள் ராத்திரி ரெண்டு மணி. கணக்கு தப்பா வருது. எங்கே தப்புன்னு தேடுறேன், தேடுறேன், அகப்படலை. எம்பொண்ணு எந்திரிச்சு வந்து, "என்னப்பா தொலைச்சீங்க?"ன்னா. (சிரிப்பு) சிரிக்காதீங்க. அவகூட உட்கார்ந்து சாப்பிட வேண்டிய சாப்பாட்டையில்ல தொலைச்சிருந்தேன்! மூடி வச்சிட்டுப் படுத்தேன். காலையில பத்தே நிமிஷம். கழிக்க வேண்டிய இடத்துல கூட்டல் குறி! அந்தச் சந்தோஷத்துக்கு எந்த இன்கிரிமென்ட் ஈடாகும்?

சம்பளம் வேண்டாம்னு சொல்லலை. அரிசிக்கு அதுதான் வேணும். ஆனா விரும்பிச் செஞ்சா வேலை இனிக்கும். வேளையோட எந்திரிச்சா வீடும் இனிக்கும் என்று கூறி அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)