நாள்தோறும் மாறும் நூலகமும் அதன் பணியாளரும்

பல்கலைக்கழக நூலகங்களில் அன்றாடம் நிகழும் சிறு மாற்றங்களை, அவற்றை வாசகருக்கு எடுத்துச்சொல்ல வேண்டிய பணியாளர்கள் எவ்வாறு அறிகின்றனர், எப்போது அறிகின்றனர், அறியாமலே போகும்போது என்ன நேர்கிறது என்னும் வினாக்களை ஆராய்வதற்காகப் பாபநாசத்தில் இக்கருத்தரங்கு கூடியுள்ளது. நூலகவியல் மாநாடுகளில் இப்பொருளுக்குத் தனி அமர்வு கிடைப்பது அரிது. புதிய மென்பொருள்களைப் பற்றியும் மின்னிதழ்த் தொகுப்புகளைப் பற்றியும் கட்டுரைகள் குவிகின்றன. அம்மென்பொருள் நிறுவப்பட்ட மறுநாள் காலையில் நூல் வழங்கும் மேசையில் அமர்கின்ற உதவியாளருக்கு அதைப் பற்றி யார், எந்த மொழியில், எத்தனை நாள் முன்னதாகச் சொன்னார்கள் என்பதை ஆராயும் கட்டுரை அவற்றிடையே எளிதில் அகப்படுவதில்லை.

அன்றாட மாற்றம் என்று இங்குச் சுட்டப்படுவது எது என்பதை முதலில் வரையறுத்துக்கொள்வது நன்று. மின்னிதழ்களைத் திறக்கும் பக்கத்தின் முகவரி மாறுவது, தாமதக் கட்டணம் உயர்வது, ஆய்வேட்டின் மின்படியை எந்த வடிவில் தரவேண்டும் என்னும் விதி திருத்தப்படுவது, நிலுவையின்மைச் சான்று கணினிவழி வழங்கப்படத் தொடங்குவது, மாலைநேர வாசிப்பறை ஒரு மணி நேரம் முன்னதாக மூடப்படுவது ஆகியவை அத்தகையன. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் இரண்டு வரிச் செய்திதான். ஆயினும், தொலைவிலிருந்து பேருந்தேறி வந்த ஆய்வாளர் ஒருவர் அந்த இரண்டு வரி தெரியாத மேசையின்முன் நிற்கும்போது, அவருடைய ஒரு நாள் வீணாகிறது. பணியாளருக்கோ, தம் நூலகத்தைப் பற்றித் தமக்கே தெரியவில்லை என்னும் கூச்சம் எஞ்சுகிறது.

பணியாளர் பயிற்சியில் தமிழகம் பின்தங்கித் தொடங்கிய நிலமன்று. 1924 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்று, இலண்டனில் நூலகவியல் பயின்று திரும்பிய சீர்காழி எஸ்.ஆர்.அரங்கநாதன், 1928-இல் சென்னை நூலகச் சங்கம் உருவாக முன்னின்றார். அடுத்த ஆண்டே அச்சங்கத்தின் கோடைக்காலப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. 1931-இல் அப்பயிற்சியைப் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டில் வெளிவந்த அவருடைய ஐந்து விதிகளில் நான்காவது வாசகரின் நேரத்தைக் காக்கச் சொல்கிறது. ஐந்தாவது, நூலகத்தை வளரும் உயிரியாகக் காண்கிறது. இவ்விரண்டும் நூற்பகுப்புக்கும் கட்டடத்துக்கும் மட்டுமே பொருந்துவன என்று கருதுவது அவற்றைச் சுருக்குவதாகும். நூலகம் வளரும்போது அதைக் குறித்துப் பணியாளர் அறிந்திருப்பதும் உடன் வளராவிட்டால், நான்காம் விதி மேசையிலேயே முறிந்துவிடுகிறது. 1935-இல் வெளியான நூலக நிருவாகம் பற்றிய நூலில், நூலகத்தின் வேலைகளைச் சிறுசிறு படிகளாகப் பிரித்து எழுத்தில் வைக்க அரங்கநாதன் எடுத்துக்கொண்ட பொறுமை, இன்றைய நூலகங்கள் மீண்டும் கைக்கொள்ளத்தக்க பண்பாகும்.

அரங்கநாதன் காலத்து மாற்றத்துக்கும் இன்றைய மாற்றத்துக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. அன்று மாற்றத்தைத் தீர்மானித்தவர் நூலகத்துக்குள்ளேயே இருந்தார். இன்று பெரும்பாலான மாற்றங்கள் வெளியிலிருந்து வருகின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் திட்டமாக 1991-இல் தொடங்கி 1996-இல் தன்னாட்சி பெற்ற இன்ஃப்ளிப்நெட் மையம் குசராத்தில் இருந்து இயங்குகிறது. பல்கலைக்கழக நூலகங்களுக்கென்று அது உருவாக்கிய சோல் என்னும் மென்பொருள் 2000-இலும், அதன் இரண்டாம் பதிப்பு 2009-இலும், மூன்றாம் பதிப்பு 2021-இலும் வெளிவந்தன. இதழ் வெளியீட்டாளர்களோ கடல்கடந்த நாடுகளில் உள்ளனர். அவர்களில் எவர் எதை மாற்றினாலும், அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியவர் அபிசேகப்பட்டியிலுள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலோ அதன் இணைவுபெற்ற கல்லூரி ஒன்றிலோ மேசையில் அமர்ந்திருப்பவர்தாம்.

ஆய்வேடுகளின் ஒப்புமைச் சோதனை இதற்குத் தெளிவான சான்று. ஒப்புமைச் சோதனை என்பது, ஓர் ஆய்வேட்டின் தொடர்கள் முன்பே வெளியான எழுத்துகளுடன் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதைக் கணினியால் அளந்து விழுக்காடாகத் தருவது. மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை என்றும் அதற்குமேல் படிப்படியான நடவடிக்கை உண்டு என்றும் வகுத்தது. இதற்கென 2019-இல் சோத்சுத்தி என்னும் திட்டத்தின்கீழ் உர்குண்ட் என்ற மென்பொருள் பல்கலைக்கழகங்களுக்கு வந்தது. அது பின்னர் ஒரிஜினல் என்று பெயர் மாறியது. அதன்பின் அவ்விடத்துக்கு ட்ரில்பிட் என்னும் வேறொரு மென்பொருள் வந்தது. ஆய்வாளர் பழைய பெயரைச் சொல்லிக் கேட்கிறார். நெறியாளர் இடைக்காலப் பெயரை அறிவார். நூலகத்தில் இருப்பது மூன்றாவது. ஒரு மென்பொருள் தந்த விழுக்காடும் இன்னொன்று தரும் விழுக்காடும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை, ஏனெனில் அவை ஒப்பிட்டுப் பார்க்கும் தரவுத்தொகுப்புகள் வேறு. இந்த ஒரு விளக்கம் எழுத்தில் இருந்து, மேசையிலுள்ள ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தால், ஆய்வேடு ஒப்படைக்கும் வாரத்தில் எழும் மனக்கசப்பில் பெரும்பகுதி எழாமலே போகும்.

இதனினும் விரிவான எடுத்துக்காட்டு 2025-இல் வந்தது. ஒன்றிய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம், மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில், 30 பன்னாட்டு வெளியீட்டாளர்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை, ஒன்றிய மாநில அரசுகளின் 6,300-க்கும் மேற்பட்ட கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. சந்தாத் தொகையின் பற்றாக்குறையால் இதழ்களை ஒவ்வொன்றாக நிறுத்திவந்த நூலகங்களுக்கு இது பெருவரவு. ஆனால் திட்டத்தின் முதற்கட்டம் அரசு நிறுவனங்களுக்கு உரியது. நெல்லை, தூத்துக்குடி, தென்காசி, குமரி மாவட்டங்களிலோ கல்லூரி மாணவரில் மிகப் பலர் அரசு உதவிபெறும் கல்லூரிகளிலும் சுயநிதிக் கல்லூரிகளிலும் பயில்கின்றனர். உதவிபெறும் கல்லூரிகளுக்கு 2010 முதல் என்-லிஸ்ட் என்னும் வேறொரு வழி உண்டு. அதில் கிடைக்கும் இதழ்ப் பட்டியல் வேறு, உள்நுழையும் முறையும் வேறு. பல்கலைக்கழக வளாகத்தில் திறக்கும் கட்டுரை தம் கல்லூரியில் ஏன் திறக்கவில்லை என்று ஒரு மாணவி கேட்டால், ‘கணினியில் ஏதோ கோளாறு’ என்று விடைபகரும் பணியாளரைக் குறைகூறுவதற்கு எவருக்கும் உரிமையில்லை. அவரிடம் இவ்வேறுபாட்டை யாரும் சொல்லவில்லை என்பதே உண்மையான கோளாறு.

வளாகத்துக்குள் இருக்கும்போது கணினியின் இணைய முகவரி எண்ணைக் கொண்டே வெளியீட்டாளரின் தளம் நிறுவனத்தை அடையாளம் கண்டுகொள்கிறது என்பதையும், விடுதிக்கோ வீட்டுக்கோ போனதும் அந்த எண் மாறிவிடுவதால் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொண்டு நிறுவனத்தின் வழியாக நுழைய வேண்டியிருக்கிறது என்பதையும் விளக்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தைப் பணியாளருக்கு ஒதுக்காத நூலகம், பல நூறு வாசகர்களிடம் அதே ஐந்து நிமிடத்தைப் பறித்துக்கொள்கிறது.

தமிழ் நூல்களின் கணினிப் பட்டியல் தனியே நின்று கவனிக்கத்தக்கது. வெளிநாட்டு வெளியீட்டாளர் எவரும் இதற்கு விளக்கக் குறிப்பு எழுதி அனுப்பப் போவதில்லை. தொடக்கத்தில் பல நூலகங்கள் தமிழ் நூல்களின் பெயர்களை உரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்துப் பதிந்தன. சில, தனித்தனி எழுத்துருக்களில் பதிந்தன. ஒருங்குறி, அதாவது எல்லாக் கணினிகளும் ஒரே வகையாகப் படிக்கும் எழுத்துக் குறியீட்டு முறை, பரவி, 2010-இல் தமிழ்நாடு அரசும் அதனை ஏற்ற பின்னர், புதிய பதிவுகள் தமிழிலேயே செய்யப்படுகின்றன. பழைய பதிவுகளில் ஒரு பகுதியே மாற்றப்பட்ட நிலையில், நெல்லை மண்ணின் எழுத்தாளர் புதுமைப்பித்தனின் நூல்கள் ஒரே பட்டியலில் தமிழில் ஓரிடத்திலும் உரோமன் எழுத்தின் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்களில் வேறிடங்களிலும் சிதறிக் கிடக்கக்கூடும். தமிழில் தேடிய மாணவர் நான்கு நூல்களே உள்ளன என்று எண்ணித் திரும்பிவிடுவார். அடுக்கிலோ அதற்குமேல் இருக்கும். எந்த ஆண்டுக்கு முற்பட்ட நூல்களை எந்த எழுத்தில் தேடவேண்டும் என்பதைப் பட்டியலாக்கப் பிரிவு அறியும். அது எழுதி வைக்கப்படாததால் மேசை அறியாது. அடுத்தடுத்த இரு அறைகளுக்கிடையே செய்தி போகாமல் இருப்பதன் விலையைத் தமிழ் நூல்களே கொடுக்கின்றன என்பது வருந்தத்தக்கது.

செய்தி எவ்வழியே தடைப்படுகிறது என்பதைக் காண்பதும் கடினமன்று. அறிவிப்பு ஆங்கிலத்தில், நூலகரின் மின்னஞ்சலுக்கு வருகிறது. அவர் அதைச் சுற்றறிக்கையாக்குகிறார், அல்லது வாட்சப் குழுவில் இடுகிறார். சுற்றறிக்கையில் கையொப்பமிடுவோர் அனைவரும் அதைப் படித்துவிட்டார்கள் என்று கொள்ள முடியாது. வாட்சப்பில் இட்ட செய்தி காலை வணக்கங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் அடியில் போய்விடுகிறது, மூன்று மாதம் கழித்துத் தேடினால் கிடைப்பதில்லை. தொகுப்பூதியத்திலும் நாட்கூலியிலும் பணிபுரிவோர் பல இடங்களில் அக்குழுவிலேயே இல்லை. மாலை நேரத்திலும் விடுமுறை நாளிலும் வாசகரைத் தனியே எதிர்கொள்பவர்களோ பெரும்பாலும் அவர்களே. நூலகருக்குப் புத்தொளிப் பயிற்சிகள் உண்டு, அவை பதவி உயர்வுக்கும் கணக்கிடப்படுகின்றன. உதவியாளருக்கு அத்தகைய வழி இல்லை. அதிகம் கேட்கப்படுபவர் குறைவாகச் சொல்லப்படுபவராக இருக்கும் இந்த அமைப்பை இவ்வுரை அநீதி என்றே கருதுகிறது.

இதற்கு மாற்று பெருஞ்செலவு கேட்பதன்று. பாபநாசம் அணையின் நீர்மட்டம் 143 அடியில் இன்று எவ்வளவு, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு என்னும் சிறு குறிப்பு நாள்தோறும் குறிக்கப்பட்டு நாளிதழில் வெளிவருகிறது. அவ்வணை அமைந்த ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியான ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே உள்ள உழவரும் அதைப் பார்த்தே நாற்றுப் பாவுவதைத் தீர்மானிக்கிறார். நூலகத்தின் மாற்றக் குறிப்பும் அவ்வளவு சிறியதாகவும் அவ்வளவு தவறாததாகவும் இருக்கலாம். எது மாறியது, எந்த நாளிலிருந்து, எவருக்குப் பொருந்தும், வாசகர் கேட்டால் என்ன சொல்வது, மேலும் ஐயமெனில் யாரைக் கேட்பது என்பவை அரைப் பக்கத்துக்குள் தமிழில் எழுதப்பட்டு, நாளும் வரிசை எண்ணும் இடப்பட்டு, மேசையருகே ஒரு பதிவேட்டிலும் அனைவரும் திறக்கக்கூடிய ஒரு கணினிக் கோப்பிலும் வைக்கப்பட வேண்டும். நூலகம் திறப்பதற்கு முந்தைய பத்து நிமிடம் அதை வாய்விட்டுப் படிப்பதற்கு உரியது. மாலைப் பணிக்கு வருவோருக்கு அதே குறிப்பு மீண்டும் படிக்கப்பட வேண்டும். உலகத்து நூல்களையெல்லாம் பகுத்துப் பட்டியலிடத் தெரிந்த ஒரு துறை தன் சொந்த மாற்றங்களைப் பட்டியலிடாதிருப்பதற்கு ஏற்கத்தக்க காரணம் எதுவும் இல்லை.

குறிப்பு மேலிருந்து கீழே மட்டும் பாய்ந்தால் பாதிப் பயனே தரும். எந்த இணைப்பு திறக்கவில்லை, எந்தச் சொல்லில் வாசகர் கேட்கிறார், எந்த விதி புரியாமல் திரும்பத் திரும்பச் சண்டையாகிறது என்பவற்றை முதலில் அறிபவர் மேசையில் இருப்பவர். அவர் எழுதும் ஒரு வரிக்கு நூலகர் ஒரு வாரத்துக்குள் விடை எழுதுவது என்று வைத்துக்கொண்டால், பதிவேடு உயிர்பெறும். நேரமில்லை என்னும் மறுப்பு எழக்கூடும். ஆள்பற்றாக்குறை மெய்யானது, காலிப் பணியிடங்கள் நிரப்பப்பட வேண்டும் என்னும் கோரிக்கையும் நியாயமானது. எனினும், ஆட்கள் குறைவாக உள்ள இடத்தில்தான் இருப்பவர் ஒவ்வொருவருக்கும் எல்லாம் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது.

இக்கருத்தரங்கில் நூலகர்களோடு நூலக உதவியாளர்களும் தொகுப்பூதியப் பணியாளர்களும் வந்து அமர்ந்திருக்கின்றனர். முதல் அமர்வில் அவர்களே முதலில் பேசட்டும். கடந்த ஓராண்டில் தமக்குச் சொல்லப்படாமல் நடந்த மாற்றங்களை அவர்கள் பெயரிட்டுச் சொல்லட்டும். அப்பட்டியலையே முதல் பதிவேட்டின் முதல் பக்கமாகக் கொண்டு, இக்கல்வியாண்டுக்குள் தத்தம் நூலகத்தில் இப்பணியைத் தொடங்குமாறு வந்திருக்கும் நூலகர் அனைவரையும் இத்தலைமையுரை கேட்டுக்கொள்கிறது.