கினிப்பன்றி வளர்ப்பு

கொழும்பு மாநகரிலே நாய் வளர்ப்பதற்கு இடமில்லாத வீடுகள் பலவாகிவிட்டன. வெள்ளவத்தையில் தொடர்மாடிகள் நெருங்கி எழுந்துள்ளன. கொட்டாஞ்சேனையின் குறுகிய ஒழுங்கைகளிலோ வீட்டுக்கு வீடு சுவரே எல்லை. இத்தகைய வீடுகளிற் பிள்ளைகள் ஒரு வளர்ப்புப் பிராணி வேண்டுமென்று அடம்பிடிக்கும்பொழுது, பெற்றோரின் எண்ணம் கினிப்பன்றியின் பக்கம் திரும்புவது இயல்பே. அது குரைப்பதில்லை, கடிப்பதும் அரிது, ஒரு மூலையில் அடங்கிவிடும். ஆயினும், சிறிய பிராணியாதலின் பொறுப்பும் சிறிதென்று கருதுவது பொருந்தாது. கினிப்பன்றி ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை வாழவல்லது. ஒன்பது வயதிற் பிள்ளை கேட்டு வாங்கிய பிராணி, அப்பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்கு அமரும் காலத்திலும் வீட்டில் இருக்கும். வாங்குவதற்கு முன்னரே சிந்திக்கவேண்டிய செய்தி இது.

பெயரிற் பன்றி என்றிருப்பினும் இது பன்றியினத்தைச் சேர்ந்ததன்று. எலி, அணில் முதலியவற்றைப் போலக் கொறித்துண்ணும் பிராணியாகும். ஆபிரிக்காவிலுள்ள கினி நாட்டிலிருந்து வந்ததுமன்று. தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைநாட்டிலே பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அங்குள்ள மக்கள் இதனை உணவுக்காக வளர்க்கத் தொடங்கினர். பதினாறாம் நூற்றாண்டிலே ஐரோப்பியரின் கப்பல்களில் ஏறி இது பிற நாடுகளுக்குப் பரவியது. இவ்வரலாற்றிலிருந்து இரண்டு உண்மைகளை மனத்திற் கொள்ளவேண்டும். ஒன்று, இது குளிர்ந்த மலைநாட்டுப் பிராணி. மற்றொன்று, கழுகுக்கும் நரிக்கும் இரையாகும் இனமாதலால், தன் நோயையும் நோவையும் வெளிக்காட்டாது மறைக்கும் இயல்புடையது. வளர்ப்பவர் செய்யவேண்டியன யாவும் பெரும்பாலும் இவ்விரண்டிலிருந்தே பிறக்கின்றன.

புதிதாக வந்த கினிப்பன்றி முதல் மூன்று நான்கு நாட்களுக்கு ஓரிடத்தில் ஒளிந்தே கிடக்கும். மனிதர் அருகில் வந்தால் அசைவற்று உறைந்துவிடும். இதனைச் சோம்பல் என்றோ சாதுத்தன்மை என்றோ எண்ணிப் பிள்ளைகள் கைக்குக் கை மாற்றித் தூக்குவதுண்டு. உண்மையில் அது அச்சத்தின் அறிகுறியே. அந்நாட்களில் அதற்கு வேண்டியவை புல்லும், நீரும், ஒளிந்துகொள்ள ஒரு பெட்டியும், அமைதியுமேயாம். வாசல் வெட்டிய கடதாசிப் பெட்டியொன்றே போதும். இரு வழிகள் வெட்டினால் இன்னும் நன்று. ஒரு வாரம் கழிந்தபின், கூட்டின் அருகே அமர்ந்து மெல்லப் பேசிக் கையாற் கீரை கொடுக்கலாம். பின்னர் தூக்கும்பொழுது ஒரு கை மார்பின் கீழும் மறு கை பின்புறத்தின் கீழும் இருத்தல் வேண்டும். பிள்ளைகள் நிலத்தில் அமர்ந்து மடியில் வைத்திருப்பதே பாதுகாப்பு. உயரத்திலிருந்து விழுந்தால் இதன் எலும்பு எளிதில் முறிந்துவிடும்.

கினிப்பன்றி கூட்டமாக வாழும் இனம். 2008ஆம் ஆண்டிற் சுவிற்சர்லாந்து நாடு இதனைத் தனியே வளர்த்தலாகாதென்று சட்டமே இயற்றியது. ஆதலின் இரண்டாக வளர்ப்பதே முறை. இரண்டும் பெண்ணாக இருத்தல் எளிது. ஆணும் பெண்ணும் சேர்ந்திருப்பின், ஏறக்குறைய 68 நாட்களிற் குட்டிகள் பிறந்துவிடும். பெண் குட்டி நான்கு முதல் ஆறு வாரங்களிலேயே கருத்தரிக்கும் பருவத்தை எய்துவதால், கடையில் வாங்கும்பொழுதே அது சினையாக இருத்தலுங்கூடும். முயலுடன் ஒரே கூட்டில் வைத்தல் தகாது. முயலுக்குத் தீங்கு செய்யாத சில கிருமிகள் கினிப்பன்றிக்குக் கடும் சுவாச நோயை உண்டாக்கும்.

இரண்டு பிராணிகளுக்குக் குறைந்தது நான்கு அடி நீளமும் இரண்டு அடி அகலமும் உள்ள கூடு வேண்டும். கம்பி வலையாலான அடித்தளம் பாதங்களைப் புண்ணாக்குமாதலால், பத்திரிகைத்தாள் விரித்து அதன்மேற் பழைய பருத்தித் துணியைப் பரப்பி, அடிக்கடி மாற்றுதல் நன்று. கூடு விறாந்தையில் இருப்பின் காகமும் பூனையும் எலியும் புகாதபடி வலையிடுதல் அவசியம்.

இனி, கொழும்பு வீடுகளில் இப்பிராணிக்குள்ள தலையாய பகை வெப்பமாகும். இதற்கு ஏற்ற வெப்பநிலை 18 முதல் 24 பாகை செல்சியஸ் வரை எனலாம். கொழும்பிலோ பகல் வெப்பம் ஆண்டு முழுவதும் 30 பாகையை ஒட்டியே நிற்கிறது. காற்றின் ஈரப்பதனும் மிகுதி. வெள்ளவத்தையிற் கடலை நோக்கிய அறைகளில் நண்பகலுக்குப் பின் மேல்வெயில் நேரே பாயும். கொட்டாஞ்சேனையிற் காற்றோட்டமற்ற தகரக் கூரையின்கீழ் வெப்பம் இரவிலும் தணியாது. ஆகையாற் காலையில் தகுந்ததாகத் தோன்றும் இடம் மாலை மூன்று மணிக்கு எவ்வாறிருக்கும் என்று பார்த்தே கூட்டை வைக்கவேண்டும். பங்குனி, சித்திரை மாதங்களில், போத்தலில் நீரை உறையவைத்துத் துணியிற் சுற்றிக் கூட்டின் ஒரு பக்கத்தில் வைக்கலாம். பிராணி வாயாற் சுவாசித்து, எச்சில் வடியக் கிடந்தால் அது வெப்பத் தாக்கம். குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, ஈரத்துணியாற் காதுகளையும் பாதங்களையும் ஒற்றி, தாமதமின்றி மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லவேண்டும். பனிக்கட்டி நீரில் அமிழ்த்துதல் ஆபத்தானது.

நுளம்புச் சுருளின் புகையும் இதன் சுவாசத்துக்கு ஆகாது. டெங்கு நோயைத் தடுக்க ஒழுங்கையிற் புகையடிக்கும் நாட்களில் கூட்டை உள்ளறைக்கு மாற்றி யன்னல்களைச் சாத்துதல் நலம்.

உணவில் முதலிடம் புல்லுக்கே. இதன் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும்; புல்லை இடைவிடாது அரைப்பதினாலேயே அவை தேய்ந்து அளவாக நிற்கின்றன. இலங்கையெங்கும் தழைக்கும் கினிப்புல் இதற்கு மிக உகந்தது. ஆனால் காலி வீதியின் ஓரத்திலோ, நாய்கள் திரியும் இடத்திலோ, மருந்து தெளித்த நிலத்திலோ அறுத்த புல்லைக் கொடுத்தலாகாது. பூஞ்சணம் பிடித்த உலர்புல்லும் நஞ்சேயாம். சோறு, பாண், விசுக்கோத்து, உருளைக்கிழங்கு, வெங்காயம் ஆகியன விலக்கத்தக்கவை.

உணவைப் பற்றி அறியவேண்டிய மற்றொரு செய்தி உண்டு. பெரும்பாலான விலங்குகள் விற்றமின் சி என்னும் சத்தைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்கின்றன. மனிதனைப் போலவே கினிப்பன்றியால் அது இயலாது. 1907ஆம் ஆண்டில் நோர்வே நாட்டைச் சேர்ந்த ஹோல்ஸ்ற், பிறோலிக் என்னும் இரு அறிஞர்கள் கினிப்பன்றிகளுக்குத் தானியத்தை மட்டுமே ஊட்டியபொழுது, முற்காலத்தில் மாலுமிகளை மாய்த்த ஸ்கேவி நோய் அவற்றைப் பற்றியதைக் கண்டனர். இலைகளும் பழச்சாறும் அந்நோயைத் தடுத்தன. மூட்டு வீங்குதல், நடக்க மறுத்தல், மயிர் சிலிர்த்து மங்குதல் என்பன அதன் குறிகள். ஒரு கிலோகிராம் நிறையுள்ள பிராணிக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை விற்றமின் சி வேண்டும். வெள்ளவத்தைச் சந்தையிலும் கொட்டாஞ்சேனைச் சந்தையிலும் கிடைக்கும் கறிமிளகாயும் கொய்யாப்பழமும் இத்தேவையை நிறைவுசெய்யும். கொய்யாவில் இனிப்பும் உள்ளமையால் ஒரு சிறு துண்டே போதும். வல்லாரை போன்ற கீரைகளை நாளுக்கு நாள் மாற்றிக் கொடுக்கலாம். விற்றமினை நீரிற் கரைத்து வைத்தால் அது விரைவிற் கெட்டுவிடும். கடையில் விற்கும் உணவுருண்டைகளிலும் நாட்பட அச்சத்துக் குறைந்துபோகும்.

நோயை மறைக்கும் இப்பிராணியின் நிலையை அறிவது எவ்வாறு? வாரந்தோறும் ஒரே நாளிற் சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்துவைப்பதே சிறந்த வழி. ஒரு கிலோகிராம் நிறையுள்ள பிராணி 50 கிராம் குறைந்தால் உன்னிப்பாகக் கவனிக்கவேண்டும். 100 கிராம் குறைந்தால் வைத்தியரை நாடவேண்டும். இதன் குடல் ஓயாது இயங்கவேண்டியது. அரைநாள் உண்ணாதிருந்தாலே அது அவசர நிலையாகும். மறுநாள் பார்க்கலாமென்று விட்டால் உயிருக்கே இடராகும்.

வீட்டில் எஞ்சியுள்ள மருந்தை இதற்குக் கொடுக்கவே கூடாது. கோடிக்கணக்கான மனிதரைக் காத்த பெனிசிலின், கினிப்பன்றிகளைக் கொல்லும் என்பது 1943ஆம் ஆண்டிலேயே அறியப்பட்டது. அது குடலிலுள்ள நற்கிருமிகளை அழித்துத் தீய கிருமிகள் பெருக இடமளிக்கின்றது. அமொக்சிசிலினும் அவ்வினத்ததே.

பிள்ளைகளிடம் இப்பிராணியை ஒப்படைக்கும் பெற்றோர், உணவிடும் வேலையோடு கவனிக்கும் வேலையையும் பழக்கவேண்டும். காலையில் புல் குறைந்திருக்கிறதா, எச்சம் வழக்கம்போல் இருக்கிறதா, கீரைக் கட்டை அவிழ்க்கும் ஓசைக்கு அது கீச்சிட்டு ஓடிவருகின்றதா என்று பாடசாலைக்குப் புறப்படுமுன் இரண்டு நிமிடம் பார்த்தாற் போதும். பிள்ளை மறந்த நாளிற் பெரியவர் ஒருவர் பார்த்தல் வேண்டும்.