குறுகும் அடியும் ஓடும் பட்டியும்



முதுமையில் நடை தளர்வது இயல்பு. ஆயின், சிலரது நடையில் தோன்றும் மாற்றம் முதுமையால் மட்டும் விளைவதன்று. அடி சிறுக்கிறது, பாதம் நிலத்தை உரசுகிறது, உடல் முன்னே சாய்கிறது. வாயிற்படியை அணுகியதும் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுகிறது. லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817ஆம் ஆண்டிலே விவரித்த இந்நோய், இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றது. மூளையின் ஆழத்தில் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கும் கலங்கள் சிறிது சிறிதாக அழிவதால் இத்தடுமாற்றம் உண்டாகின்றது.

கையெழுத்தைத் திருத்துவதையே தொழிலாகக் கொண்ட எம்போன்றோருக்கு இதனை விளங்கிக்கொள்ள ஓர் எளிய வழி உண்டு. இந்நோயாளர் பலரின் எழுத்து, வரியின் தொடக்கத்தில் அளவாயிருந்து, போகப் போகச் சிறுத்துவிடும். கோடிட்ட கொப்பியைக் கொடுத்து, கோட்டைத் தொட்டு எழுதும்படி சொன்னால், எழுத்து மீண்டும் பெரிதாவதுண்டு. கையின் வலு அற்றுப்போகவில்லை. அளவைத் தானாக விதிக்கும் ஆற்றலே குன்றியிருக்கின்றது. வெளியிலிருந்து ஓர் அளவு கிடைத்ததும் கை அதற்கு இசைகின்றது.

காலுக்கு அத்தகைய கோடாக அமைவதே ட்ரெட்மில் எனப்படும் நடைப்பொறி. அதன் பட்டி ஒரே சீரான வேகத்தில் பின்னோக்கி ஓடுகின்றது. அதன்மேல் நிற்பவர் அவ்வேகத்துக்கேற்ப அடியெடுத்து வைத்தே ஆகவேண்டும். 18 ஆய்வுகளையும் 633 நோயாளரையும் உள்ளடக்கி 2015இல் வெளிவந்த தொகுப்பாய்வு, பயிற்சி பெற்றோரின் நடைவேகம் சராசரியாகச் செக்கனுக்கு ஏறத்தாழ 9 சென்ரிமீற்றர் கூடியதெனக் காட்டிற்று. அற்பமான அளவுதானே என்று எண்ணற்க. ஒரு நிமிடத்தில் அது 5 மீற்றருக்கு மேலாகும்; வீதியைக் கடப்பவருக்கு அது பேருதவி. ஆனால், நடக்கக்கூடிய மொத்தத் தூரம் கூடியதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. ஆகவே இது நோயைத் தீர்க்கும் மருந்தன்று. மருந்துக்குத் துணையாகும் பயிற்சியே.

இப்பயிற்சியைத் தனியே தொடங்குதல் ஆபத்தானது. வைத்தியரின் அனுமதி பெற்று, இயன்மருத்துவர் அருகிருக்க, கைப்பிடியுள்ள பொறியில், மிகமெதுவான வேகத்திலே தொடங்குதல் வேண்டும். விழக்கூடியவருக்கு உடலைத் தாங்கும் வார்ப்பட்டையும் தேவை. மருந்து நன்கு வேலைசெய்யும் வேளையே பயிற்சிக்கு உகந்தது.

பொறியில்லாத வீட்டில் யாது செய்வது? தரையில் ஓரடி எட்டுக்கு ஒன்றாகக் கோடுகள் வரையலாம். "ஒன்று, இரண்டு" என எண்ணலாம். கைதட்டித் தாளம் காட்டலாம். கால் உறைந்து நிற்கும் வேளையில் கையைப் பற்றி இழுத்தலும், "கெதியாய் வாருங்கள்" என அதட்டுதலும் கூடா. அவை அவரை விழச்செய்யும். அவர் நிற்பது சோம்பலாலன்று, பிடிவாதத்தாலுமன்று. பொறுத்திருந்து ஓர் அளவைக் காட்டுங்கள். அந்த அடி மீண்டும் எழக்கூடும்.