விறகுக்காட்டில் கேட்ட பேச்சு

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

உழைப்பின் பெருமையைப் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். அதைப் பேச என்னைவிட வல்லவர்கள் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒரே ஒரு பேச்சுதான். அதுவும் என் பேச்சு அல்ல. மரம் சாய்த்து விறகு போட்ட ஆட்கள், பசியாறும் நேரத்தில் உட்கார்ந்து பேசிய பேச்சு. எங்கள் தோட்டத்துக் கிராணி ஒருவர் அதை "வெட்டிப் பேச்சு" என்பார். வெட்டுகிறவன் பேசுவது வெட்டிப் பேச்சாகத்தானே இருக்கும் என்று சொல்லித் தானே சிரித்துக்கொள்வார். அவர் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அதனால்தான் இந்தத் தலைப்பு.

நான் ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். அப்பா முதலில் பால்வெட்டு. பிறகு மறுநடவுக்காகப் பழைய மரங்களைச் சாய்க்கும் கூட்டத்தில் சேர்ந்தார். பால் மரத்துக்கும் நம் மலாக்காவுக்கும் உள்ள உறவு சாதாரணமானதல்ல, பிள்ளைகளே. மலாயாவில் வியாபாரத்துக்கென்று முதன்முதலில் ரப்பர் நட்ட இடங்களில் இதுவும் ஒன்று. 1896-ஆம் ஆண்டில், புக்கிட் லிந்தாங்கில், டான் சாய் யான் என்ற மலாக்காச் சீனர் சுமார் 40 ஏக்கரில் நட்டார். நட்ட 25, 30 ஆண்டில் பால் மரம் ஓய்ந்துவிடும். வெட்டிவிட்டு மறுபடி நட வேண்டும். பாட்டன் நட்டதை அப்பன் சாய்ப்பான், அப்பன் நட்டதை மகன் சாய்ப்பான். சாய்த்த மரமெல்லாம் அந்தக் காலத்தில் விறகுதான். ரப்பர் ஷீட்டைத் தொங்கவிட்டுக் காயவைக்கும் புகைவீட்டுக்கு, செங்கல் சூளைக்கு, ரொட்டி சுடும் அடுப்புக்கு, நம் லயத்து அடுப்படிக்கு.

பள்ளி விடுமுறையில் வரக்கோப்பித் தூக்கை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போவது என் வேலை. விழுந்த மரத்தின் மேல் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு பேர் இழுக்கும் நீண்ட ரம்பம் பக்கத்தில் சாய்ந்திருக்கும். பேச்சு இப்படிப் போகும்:

"என்ன மச்சான், ஓரத்து நிரையில அந்தச் சாஞ்ச மரம், என்ன பண்ணப் போறே?"

"எந்தப் பக்கம் விழணும்னு அது முடிவு பண்ணிடுச்சு. நான்தான் இன்னும் பண்ணல."

எல்லோரும் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்குமுன் கூட்டத்துப் பெரியவர் மெல்லச் சொல்வார்: "சாஞ்ச மரம் அறுக்கையிலேயே நெடுக்கப் பொளந்துக்கிட்டு எகிறும்டா. நேர் பின்னால நிக்காதே."

அவ்வளவுதான் பாடம். அடுத்த நிமிஷம் பேச்சு சினிமாவுக்குப் போய்விடும்.

மரம் சாய்ப்பது கோடாரி பலம் மட்டும் அல்ல. விழ வேண்டிய பக்கத்தில் முதலில் ஆப்பு வடிவில் ஒரு வாய் வெட்டுவார்கள். அடிமரத்தின் தடிமனில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு. பிறகு எதிர்ப்பக்கத்தில் சற்று மேலே தள்ளி அறுப்பார்கள். நடுவில் ஒரு பட்டை மரத்தை அறுக்காமல் விடுவார்கள். கதவுக்குக் கீல் எப்படியோ, விழும் மரத்துக்கு அந்தப் பட்டை அப்படி. அதையும் அறுத்துவிட்டால் மரம் யார் சொல்லையும் கேட்காது.

எங்கள் கூட்டத்துக்கென்று சில சொற்கள் இருந்தன. ஒடிந்து கீழே விழாமல், மேலே இன்னொரு கிளையில் மாட்டிக்கொண்டு தொங்கும் கட்டைக்கு "மாமியார்" என்று பெயர். எப்போது தலையில் இறங்கும் என்று தெரியாதாம்! (தாய்மார்கள் மன்னிக்க வேண்டும், பெயர் வைத்தவர்களே பெண்கள்தான்.) அறுக்கத் தொடங்குமுன் ஒருவர் கட்டாயம் கேட்பார்: "மாமியார் இருக்கா, பாரு." எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். வேடிக்கைச் சொல்தான். ஆனால் அந்தச் சொல் எத்தனை தலையைக் காப்பாற்றியதோ.

விறகைப் பிளந்து அடுக்குவது பெரும்பாலும் பெண்கள். அவர்கள் பேச்சில் வேறொரு படிப்பு இருந்தது. "பச்சை விறகுல பாதி தண்ணிதான். தண்ணிய எரிக்கவா அடுப்பு மூட்டுறோம்?" என்பார் ஓர் அக்கா. முழுக் கட்டையாகக் கிடந்தால் காயாது, பிளந்து காற்றுப் போக அடுக்கினால்தான் காயும் என்பது அவர் கணக்கு. ஈர விறகின் புகையில் கண் எரிந்து நின்ற காலம் அவருக்கு மறக்கவில்லை.

இனி ஒரு சம்பவம். 1968-ஆம் ஆண்டு, நான் ஐந்தாம் வகுப்பு. விறகுக்குக் கூலி அடுக்குக் கணக்கு. நான்கு அடிக் கட்டை. அடுக்கின் நீளம் எட்டு அடி, உயரம் நான்கு அடி. கொந்தராத்துக்காரர் தம் "நாலடிக் குச்சி"யால் நீளத்துக்கு இருமுறை, உயரத்துக்கு ஒருமுறை அளப்பார். ஒரு நாள் அந்த அக்கா கோப்பி குடித்துக்கொண்டே, "முன்னெல்லாம் மத்தியானத்துக்குள்ள ஓர் அடுக்கு முடிஞ்சிடும். இப்ப முடிய மாட்டேங்குது. கை தளர்ந்துபோச்சு போல" என்றார். "எனக்கும்தான்" என்றார் இன்னொருவர். "எனக்கும்" என்றார் மூன்றாமவர், அவருக்கு வயது இருபதுதான். அப்பா கோப்பியைக் கீழே வைத்துவிட்டார். மறுநாள் என் பள்ளிக்கூட ரூலரைக் கொண்டுவரச் சொன்னார்.

குச்சி நான்கு அடி நான்கு அங்குலம் இருந்தது.

ஆசிரியர் சொல்லிக்கொடுத்தபடி எல்லாவற்றையும் அங்குலமாக மாற்றிப் பெருக்கினேன். சரியான அடுக்கு 128 கன அடி. அவர் குச்சிப்படி 150 கன அடிக்குமேல். ஒவ்வோர் அடுக்கிலும் 22 கன அடி இனாம்! ஆறு அடுக்குப் போட்டால், ஏழாவதாக ஓர் அடுக்குக்கான விறகும் கூலியில்லாமல் போயிருக்கிறது. தனித்தனியாக வீட்டுக்குப் போய்ப் படுத்திருந்தால், ஒவ்வொருவரும் தன் கைதான் தளர்ந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

கொந்தராத்துக்காரரிடம் கேட்டபோது, "மழையில ஊறி நீண்டுபோச்சுப்பா" என்றார். பெரியவர் நிதானமாகப் பதில் சொன்னார்: "மரம் ஊறினா பருக்கும் ஐயா, நீளாது. நாங்க மரத்தோடதான் குடும்பம் நடத்துறோம்." பழைய பாக்கி வரவில்லை. ஆனால் அன்று மாலையே குச்சி நான்கு அங்குலம் குறைந்தது.

சில ஆண்டுகளில் மிஷின் ரம்பம் வந்தது. ஒரு நாள் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன், தோள்பட்டை வலியோடு கிழடாகிப் போனவர்களைப் பார்த்தவன். ஆனால் அந்த இரைச்சலில் பேச்சு நின்றுவிட்டது. விழுமுன் மரம் "சடசட"வென்று ஒரு சத்தம் கொடுக்கும்; "மரம் பேசுது, காது குடு" என்பார்கள். அந்தச் சத்தமும் கேட்காமல் போயிற்று.

1974-இல் என் தாய்மாமன் அறுத்துக்கொண்டிருந்தார். மேலே மாமியார் இருந்தது. அப்பா பார்த்துவிட்டார், கத்தினார். பத்தடி தூரம்தான். மாமாவுக்குக் கேட்கவில்லை. கிளை தோளில் பட்டுக் காலில் இறங்கியது. உயிர் தப்பினார், கால் பழையபடி ஆகவில்லை. சொக்சோ பாதுகாப்பு நம் நாட்டில் 1971-லேயே தொடங்கிவிட்டது. அவரை வேலைக்கு வைத்த ஆள் அவர் பெயரை எங்கேயும் பதியவில்லை. கொந்தராத்து மாறி மாறி வந்ததால், யாருடைய ஆள் என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டினார்கள். காட்டில் கூட்டமாக உட்கார்ந்து பேசியவர்கள் அந்நேரம் நான்கு தோட்டத்துக்குச் சிதறியிருந்தார்கள்.

அந்த விபத்துக்குப் பிறகு அப்பா ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். ரம்பத்தை முடுக்குமுன் எல்லோரும் கூடி நின்று மேலே பார்க்க வேண்டும்; யார் எங்கே நிற்பது, எந்தப் பக்கம் ஓடுவது என்று பேசிவிட வேண்டும்; பிறகு கைச்சாடைதான். மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேறு யாரும் நிற்கக் கூடாது. இங்கே வந்திருப்பவர்களில் மரவேலைக்குப் போகிறவர்கள் இருந்தால், உங்கள் பெயரில் சொக்சோ பணம் கட்டப்படுகிறதா என்று நாளைக்கே கேளுங்கள். சொந்தமாகத் தொழில் செய்வோருக்கும் 2017-இல் தனிச் சட்டம் வந்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பால் மரத்தில் வைரம் பாயாது. வெட்டிப் போட்டால் சீக்கிரம் நீலம் பூத்துவிடும், வண்டு துளைத்து மாவாக உதிரும். அதனாலேயே அது அடுப்புக்குத்தான் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். அறுத்த ஓரிரு நாளுக்குள் போரக்ஸ், போரிக் அமிலக் கரைசலை மரத்துக்குள் அழுத்திச் செலுத்தி, சூளையில் காயவைத்தால் கெடாது என்று ஆனபின், 1980-களில் அதுவே மேசை நாற்காலியாகிக் கடல் கடந்தது. பக்கத்து மூவாரில் அதை வைத்து ஒரு பெருந்தொழிலே வளர்ந்தது. டவுன் கடையில் அப்படி ஒரு நாற்காலியின் விலையைக் கேட்ட அப்பா, அதைத் தட்டிப் பார்த்து, "இதையா இத்தனை வருஷம் எரிச்சோம்?" என்றார். வாங்கவில்லை. உட்கார்ந்து மட்டும் பார்த்தார்.

இப்போது எங்கள் பழைய காட்டில் செம்பனை நிற்கிறது. செம்பனை சாய்ந்தால் விறகாகாது. அதன் தண்டு நாரும் நீரும்தான். லயத்து அடுப்படியில் கேஸ் வந்து எத்தனையோ காலமாயிற்று. அந்த அக்காவின் கண்கள் கடைசிவரை கலங்கியே இருந்ததை நினைத்தால், புகை போனதில் எனக்கு வருத்தமே இல்லை.

அப்பா 2003-இல் மறைந்தார். கடைசி ஆண்டுகளில் மலாக்கா டவுனில் என்னோடு இருந்தார். மாலையில் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கப் போவார். சாலையோரத்தில் பெரிய மரம் வந்தால் நின்றுவிடுவார். அண்ணாந்து ஒரு முறை பார்ப்பார். பிறகு, "மாமியார் இல்ல, வா தாயி" என்று அவளை அழைத்துக்கொண்டு கடந்து போவார்.