நுரையீரலின் ஊனமும் கணக்கில் வரட்டும்

(சர்வதேச மாற்றுத்திறனாளிகள் நாளையொட்டி, கோலார் தங்கவயல் ஸ்கெலட்டனில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



டிசம்பர் 3-ஐ மாற்றுத்திறனாளிகள் நாளாக ஐ.நா. பொதுச்சபை அறிவித்தது 1992-இல். அன்று இந்தியாவில் அவர்களுக்கென ஒரு முழுமையான சட்டம்கூட இல்லை. 1995-இல் வந்த முதல் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றது. ஐ.நா. உடன்படிக்கையை 2007-இல் இந்திய அரசு ஏற்றுறுதி செய்த பின்னரும், அதற்கேற்ற சட்டம் வர ஒன்பது ஆண்டுகள் பிடித்தன. ஊன்றுகோல்களோடும் சக்கர நாற்காலிகளோடும் வீதியில் இறங்கிப் போராடியவர்கள் ஈட்டிய சட்டம் அது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அரசுப் பணி இடஒதுக்கீடு 3 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாயிற்று. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், கட்டடங்களிலும் போக்குவரத்திலும் அணுகல் வசதி என்பது வெறும் வழிகாட்டுதலன்று, கட்டாயம் என்று தீர்ப்பளித்தது. இவை கொண்டாடத்தக்க வெற்றிகளே. எனினும், இந்த வெற்றிகள் தங்கவயலின் லைன் வீடுகளுக்குள் எவ்வளவு தூரம் வந்திருக்கின்றன என்பதே கேள்வி.

1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்கம் தோண்டத் தொடங்கியது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நிலமற்ற தலித் மக்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. பாறை வெடித்துக் கை, கால் இழந்தவர்களை ஊர் அறியும்; அந்த ஊனம் கண்ணுக்குத் தெரியும். மற்றோர் ஊனம் கண்ணுக்குத் தெரியாதது. தங்கம் படிந்திருந்தது படிகக் கல்லில். அதைத் துளைத்தும் வெடிவைத்தும் எடுத்தபோது பறந்த நுண்தூசு நுரையீரலில் படிந்து, தழும்பாக இறுகியது. அதுவே சிலிகோசிஸ். 1940-களில் இங்கே 7,653 தொழிலாளர்களிடம் நடத்திய ஆய்வு, நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பத்து நால்வருக்கு இந்நோய் இருந்ததாகக் கண்டது. இந்தியாவின் தொழில்நோய் வரலாறு எழுதப்பட்ட முதல் ஏடுகளில் ஒன்று தங்கவயலின் ஏடு.

இந்நோய்க்கு மருந்தில்லை. தூசியை விட்டு வெளியேறிய பின்னும் அது வளரும். 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கத்தை மூடியவர்கள் கணக்கு முடிந்தது என்று கருதினர். தொழிலாளியின் நெஞ்சுக்குள் கணக்கு ஓடிக்கொண்டேயிருந்தது. காசநோய் என்று தவறாகக் கருதப்பட்டு, காசநோய் மாத்திரைகளையே விழுங்கி மடிந்தவர்கள் நாட்டின் சுரங்கப் பகுதிகள் அனைத்திலும் உண்டு.

நாலு படி ஏறினால் மூச்சு நின்றுவிடும் ஒருவர் மாற்றுத்திறனாளியா, இல்லையா? 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பொது வரையறை விரிவானது. நீண்டகால உடற்குறைபாடும் சமூகத் தடைகளும் சேர்ந்து ஒருவரின் பங்கேற்பைத் தடுத்தால் அவர் மாற்றுத்திறனாளியே. ஆனால் சான்றிதழும் அதைக் கொண்டு கிடைக்கும் உதவிகளும் அட்டவணையில் உள்ள 21 வகையினருக்கே. அந்த அட்டவணையில் சிலிகோசிஸ் இல்லை. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இதைத் தொழில்நோயாக ஏற்றிருந்தது என்பது உண்மையே. ஆனால் இழப்பீடு கேட்க முதலாளி வேண்டும், பணிப் பதிவேடு வேண்டும், காலக்கெடு தவறாமல் இருக்க வேண்டும். மூடிய சுரங்கத்தின் தொழிலாளியிடம் இவற்றில் எத்தனை மிஞ்சியிருக்கும்?

பட்டியல் நீண்டால் ஏற்கெனவே உள்ளவர்களின் பங்கு குறையாதா என்று ஐயுறுவோர் மாற்றுத்திறனாளிகள் இயக்கத்திலும் இருக்கலாம். அந்த ஐயத்தை ஏளனம் செய்யக் கூடாது. ஆனால் சுரங்கம் மூடியபோது வெளியேறியவர்களில் பெரும்பாலோர் இன்று முதியவர்கள். அவர்கள் வேலைக்குப் போட்டியிட வரவில்லை. மாத உதவித்தொகையும் மருத்துவமும் கேட்கின்றனர். ஒன்றிய அரசின் மாற்றுத்திறனாளி உதவித்தொகையோ, 80 விழுக்காடு குறைபாடும் வறுமைக்கோட்டு அட்டையும் இருந்தால் மாதம் 300 ரூபாய்! பல ஆண்டுகளாக அத்தொகை அசையவில்லை.

வழி இல்லாமலில்லை. அட்டவணையில் புதிய வகையைச் சேர்க்க ஒன்றிய அரசின் அறிவிக்கையே போதும். கல்குவாரித் தொழிலாளர்களின் நெடும் போராட்டத்திற்குப் பிறகு, ராஜஸ்தான் அரசு 2019-இல் தனிக் கொள்கை வகுத்தது. சான்று பெற்ற நோயாளிக்கு 3 லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு மேலும் 2 லட்சம், அதோடு மாத உதவித்தொகை. ராஜஸ்தானுக்கு இயன்றது கர்நாடகத்துக்கு ஏன் இயலாது?

இதை இப்போதே கேட்க ஒரு காரணம் உண்டு. தங்கவயலின் சயனைடு மேடுகளில் மூன்று கோடி டன்னுக்கு மேல் கழிவு மண் கிடக்கிறது. அவற்றில் 13 மேடுகளைத் தோண்டித் தங்கம் எடுக்கும் ஒன்றிய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் மாநில அமைச்சரவை இசைவளித்தது. வேலை வருமென்று இளைஞர்கள் எதிர்பார்ப்பது நியாயமே. ஆனால் மண்ணைக் கிளறினால் தூசி எழும். தூசிக்கட்டுப்பாடும், வேலைக்குச் சேரும் முன்னரும் பின்னரும் ஆண்டுதோறும் நுரையீரல் பரிசோதனையும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அது பொருந்த வேண்டும்.

கிளைத் தோழர்கள் உடனே தொடங்க வேண்டிய பணி எளியது, ஆனால் காலம் தாழ்த்த இடமில்லாதது. பழைய எக்ஸ்ரே படங்கள், சம்பளச் சீட்டுகள், சுரங்க மருத்துவமனைச் சீட்டுகள் இன்னும் தகரப் பெட்டிகளில் கிடக்கின்றன. கணவர் இறந்தபின் கைம்பெண்கள் அவற்றைப் பாதுகாத்து வருகின்றனர். வீடு வீடாகச் சென்று அவற்றைப் படியெடுத்து, பெயரும் பணிசெய்த ஆண்டும் சுரங்கமும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கெலட்டனின் முதல் வரிசை வீடுகளில் இந்த ஞாயிறன்றே தொடங்கலாம்.