அடர்காட்டு வேட்டையும் வெளிநிலத்து வேட்டையும்



அக்கரைப்பற்றிலிருந்து மேற்கே செல்பவர் இன்று காண்பது பரந்த நெல்வயல்களை. 1949ஆம் ஆண்டிலே கல்லோயாத் திட்டம் தொடங்குமுன், அத்திசையிலே பெருங்காடு கிடந்தது. வேளாண்மை வெட்டி முடிந்தபின் துவக்கெடுத்துக் காடேகும் வழக்கம் இப்பகுதியில் இருந்தது. இன்று மானைக் கொல்வது சட்டப்படி குற்றமாகும். ஆயினும், அன்றைய வேட்டையின் இயல்பை அறிவது இன்றைக்கும் பயனுடையதே.

மானை நாடிச் செல்பவனுக்கு முதலில் வழிகாட்டுவது நிலமாகும். அடர்காட்டிலே கண்ணுக்கு வேலை குறைவு. சில பாகத் தொலைவுக்கு அப்பால் இலையும் கொடியும் பார்வையை மறைத்துவிடும். அங்கே மானுக்குக் காவல் மூக்கும் செவியுமே. மனிதன் பக்கமிருந்து காற்று வீசினாலோ, காலடியிற் சருகு நொறுங்கினாலோ மரை மறைந்துவிடும். ஆகவே வேட்டைக்காரன் எதிர்காற்றிலே நடப்பான். குளம்படியையும், கடித்த தளிரையும் நோக்கி மெல்ல மெல்ல அணுகுவான். வில்லேந்திய வேடருக்கு இப்பொறுமையே பெருங்கருவி. ஆனால் அடிபட்ட விலங்கு புதருட் புகுந்தால், இரத்தத்துளிகளைத் தேடித் தேடியே பின்தொடர வேண்டும்.

வெளிநிலத்தின் நிலைமை வேறு. கல்லோயாவின் மேற்புறத்து நில்கலப் பகுதியிலே கடுக்காய், தான்றி, நெல்லி மரங்கள் இடையிட்டு நிற்கும் புல்வெளிகள் உள்ளன. அங்கே புள்ளிமான் கூட்டமாக மேயும். ஒன்று தலை தாழ்த்தினால் மற்றொன்று தலை நிமிர்த்தும். அபாயங் கண்ட மான் நிலத்தை உதைத்துக் குரலெழுப்ப, கூட்டம் முழுவதும் பாயும். மரத்து மந்தியும் எச்சரிக்கும். எனவே வேட்டைக்காரன் தொலைவிலிருந்தே குறிபார்க்க நேரும். அடிபட்டது விழும் இடம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் கூட்டத்திலே பிணை எது, கலை எது என்று தேர்வது கடினம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் இருவகை வேட்டையையும் எழுதிவைத்துள்ளார். மலைக்காட்டிலே நாய்களின் குரலைப் பின்பற்றி ஓடி, கையிற் கத்தியுடன் மரையை எதிர்கொண்டார். தாழ்நிலப் புல்வெளியிலோ விரைநாய்களை ஏவிப் புள்ளிமானைத் துரத்தினார். நிலத்துக்கேற்ப அவரும் முறையை மாற்றவே வேண்டியிருந்தது.

இவ்விரு முறைகளுக்கும் பொதுவான ஒன்று உண்டு. வேட்டையாடுபவன் தன் எதிரிலுள்ள உயிரைக் காண வேண்டும். இஸ்லாமிய நெறியிலும் இதற்கு இடமுண்டு. இறைவன் பெயர் கூறியே வேட்டைக் கருவியை ஏவவேண்டும். உயிருடன் கிடைத்த பிராணியை முறைப்படி அறுக்கவேண்டும். கழுத்து நெரிந்து செத்தது விலக்கப்பட்டதென்று திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் கூறுகின்றது. அம்பெய்தவனோ சுட்டவனோ அடிபட்டதைத் தேடாமல் வீடு திரும்பக் கூடாதென்பதே இதன் உட்பொருள் எனலாம்.

இனி இன்றைய கொடுமையைப் பாருங்கள். இரவிலே தலைவிளக்கின் ஒளியால் மானின் கண்ணைக் கூசச்செய்து சுடுகின்றனர். இதனினுங் கொடியவை கம்பிச் சுருக்கும் கட்டுத்துப்பாக்கியும். வயலைப் பன்றியிடமிருந்து காக்கவென்று கட்டிய சுருக்கிலே மானும் மரையும் சிக்குகின்றன, சிறுத்தையும் மாட்டிக்கொள்கின்றது. கட்டுத்துப்பாக்கி யானையின் காலைச் சிதைக்கின்றது. விறகு தேடிச் சென்ற மனிதனையும் வீழ்த்துகின்றது. அதற்குக் கண்ணில்லை. கட்டியவனோ தன் வீட்டில் உறங்குகின்றான். காற்றும் எச்சரிக்கைக் குரலும் மானுக்குத் தந்த பாதுகாப்பு இங்கே பயனற்றுப் போகின்றது.

1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், 1954இல் அமைந்த கல்லோயா தேசியப் பூங்காவும் நமக்கு உண்டு. ஆனால் ஒவ்வொரு வயல்வரம்பிலும் காவலாளி நிற்க இயலாது. அங்கே நிற்பவர் விவசாயியே. அவர் தம் வேலியோரத்துச் சுருக்கை இன்றைக்கே கழற்றிவிட்டால், மானும் பிழைக்கும். அவ்வழியே வரும் அயலவரும் பிழைப்பார்.